கணவர் பெயரை பாஸ்போர்ட்டிலிருந்து எடுக்க அவர் கையெழுத்து வேண்டுமா?

வாசகி கேட்கிறார்:

வணக்கம் மேடம். எனக்கு 34 வயது, தஞ்சாவூர் பக்கம். நர்சிங் படித்துவிட்டுத் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். 2015-ல் கல்யாணம். 2019-ல் பாஸ்போர்ட் எடுத்தபோது சர்நேம் என்ற இடத்தில் கணவர் பெயரைப் போட்டுவிட்டோம். போன வருடம் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆகிவிட்டது. இப்போது துபாயில் ஒரு வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். என் சான்றிதழ்கள் எல்லாமே அப்பா இனிஷியலில் இருக்கின்றன, பாஸ்போர்ட் மட்டும் கணவர் பெயரோடு. பெயரை எடுக்க வேண்டுமென்றால் அவரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். கெசட்டிலும் போட வேண்டுமாம். அவர் முன்னால் போய் நிற்க எனக்கு மனமில்லை. அம்மாவோ, "நாளைக்கு இன்னொரு கல்யாணம் ஆச்சுன்னா மறுபடியும் மாத்தணும், அதுவரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்கிறார். எட்டு வயது மகள் என்னோடு இருக்கிறாள். அவள் பாஸ்போர்ட்டையும் மாற்ற வேண்டுமா? என்ன செய்யட்டும்?

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்து வேண்டாம். அவரிடம் நீங்கள் போகவும் வேண்டாம், போன் செய்யவும் வேண்டாம். அதற்குப் பதிலாக உங்கள் கையில் இருக்க வேண்டியது, நீதிமன்றம் கொடுத்த விவாகரத்து டிக்ரியின் (தீர்ப்பாணையின்) சர்டிஃபைட் காப்பி.

ஏஜென்ட் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிகிறது. பாஸ்போர்ட்டில் புதிதாகக் கணவர் அல்லது மனைவி பெயரைச் சேர்க்கும்போது திருமணச் சான்றிதழ் இல்லையென்றால், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோவை ஒட்டி, இருவரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் படிவம் ஒன்று கொடுக்கலாம். அது பெயர் சேர்ப்பதற்கான படிவம். பெயரை எடுப்பதற்கும் அதையே கேட்பார்கள் என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியபோதே, விவாகரத்தானவர்களும் பிரிந்து வாழ்பவர்களும் விண்ணப்பத்தில் துணையின் பெயரைத் தரத் தேவையில்லை என்று அறிவித்துவிட்டது.

அதன் பிறகும் பெண்களை அலையவிட்டது உண்டு. விவாகரத்து வழக்கு நிலுவையில் இருந்த ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது, கணவரின் கையெழுத்தோடு வரச் சொன்னார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 ஜூனில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கல்யாணம் ஆனதால் ஒரு பெண் தன் அடையாளத்தை இழந்துவிடுவதில்லை, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க அவளுக்குக் கணவரின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்த பெண்ணுக்கே அந்த உரிமை என்றால், டிக்ரி வாங்கி முடித்த உங்களிடம் யார் கையெழுத்துக் கேட்க முடியும்?

சரி, மாற்றத்தான் வேண்டுமா என்பது அடுத்தது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கல்யாணம் ஆனதும் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றும் சட்டம் கிடையாது, விவாகரத்தானதும் எடுத்துவிட வேண்டும் என்றும் கிடையாது. உங்கள் பாஸ்போர்ட் காலாவதியாகும் வரை செல்லும். உள்ளூரிலேயே இருப்பவராக இருந்தால், அது முடியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நானே சொல்லியிருப்பேன்.

ஆனால் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், அதுவும் நர்ஸ் வேலைக்கு. உங்கள் பட்டம், நர்சிங் கவுன்சில் பதிவு, அனுபவச் சான்று எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் "இந்த இரண்டு பெயரும் ஒருவர்தானா?" என்ற கேள்வி வரும். விசா ஒரு பெயரில் அடித்து, அங்கே அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதே பெயரில் வந்த பிறகு மாற்ற நினைத்தால், துணைத் தூதரகம் வழியாகப் புதுப் பாஸ்போர்ட் எடுத்து, அங்குள்ள ஒவ்வொன்றையும் திருத்த வேண்டியிருக்கும். புறப்படுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: நாளைக்கு மறுமணம் நடந்தாலும் உங்கள் பெயர் அப்படியே இருக்கலாம். கல்யாணத்துக்குக் கல்யாணம் பெயர் மாற்ற வேண்டியதில்லை. கணவர் பெயரைத் துணை என்ற இடத்தில் சேர்த்தால் போதும், உங்கள் பெயரோடு ஒட்ட வைக்க வேண்டாம். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. பள்ளிக்கூடத்தில் எந்தப் பெயரோ அதையே எல்லா ஆவணத்திலும் கடைசிவரை வைத்துக்கொள்ளும் பெண்கள் இந்தச் சிக்கலில் மாட்டுவதே இல்லை.

இனி, எந்தப் பெயருக்கு மாற்றுவது என்பதுதான் இதில் நீங்கள் அதிக நேரம் யோசிக்க வேண்டிய விஷயம். நம் ஊரில் சர்நேம் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டோ இனிஷியலை ஏற்காது, விரித்து எழுத வேண்டும். உங்கள் பெயர் கவிதா, அப்பா பெயர் சண்முகம், முன்னாள் கணவர் பெயர் பிரபு என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். கவிதா. இப்போதைய பாஸ்போர்ட்டில் கிவன் நேம் கவிதா, சர்நேம் பிரபு.

பலர் செய்வது என்னவென்றால், "பிரபுவை எடுத்தால் போதும்" என்று சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு, வெறும் கவிதா என்று வாங்கி வந்துவிடுவார்கள். இங்கே அது செல்லும். துபாய்க்குச் செல்லுமா? ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. இப்போது நீங்கள் வேலை விசாவில் போனாலும், நாளைக்கு வேறு விசாவில் போக நேரலாம். அமெரிக்க விசாவிலும் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அந்த ஒரு பெயரைச் சர்நேம் ஆக்கிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "பெயர் தெரியவில்லை" என்பதற்கான எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்தைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் விமான டிக்கெட்டிலிருந்து பேங்க் வரை அதை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே கிவன் நேம் கவிதா, சர்நேம் சண்முகம் என்று இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். அங்கே உங்களை "மிஸ் சண்முகம்" என்று கூப்பிடுவார்கள், அது பழகிவிடும். எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம். அப்பாவின் ஆதாரிலோ வாக்காளர் அட்டையிலோ ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகள். ஆங்கிலத்தில் சண்முகத்தின் "எஸ்" எழுத்துக்குப் பின்னால் ஒரு "ஹெச்" இருப்பதும் இல்லாததும் வேறு வேறு பெயராகிவிடும்.

கெசட் தேவையா என்றும் எழுதியிருந்தீர்கள். முற்றிலும் புதிய ஒரு பெயரை வைத்துக்கொள்பவர்களிடம்தான் பாஸ்போர்ட் அலுவலகம் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் அல்லது அரசிதழ் அறிவிப்பு என்று கேட்கும். விவாகரத்துக்குப் பிறகு பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்புவதற்கு டிக்ரியே ஆதாரம். கெசட்டில் போட்டே தீர வேண்டும் என்று ஏஜென்ட் பணம் கேட்டால், முதலில் பாஸ்போர்ட் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

இப்போது அந்த டிக்ரியை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். சிக்கல் பெரும்பாலும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும். விவாகரத்து மனுவில் உங்கள் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள்? பெரும்பாலான மனுக்களில் "கவிதா, வயது 33, க/பெ. பிரபு" என்றுதான் இருக்கும். டிக்ரியிலும் அதே. ஆனால் பாஸ்போர்ட் சொல்வது கவிதா பிரபு. சான்றிதழ் சொல்வது எஸ். கவிதா. மூன்றும் ஒரே பெண் என்று உங்களுக்குத் தெரியும், கவுன்டரில் இருப்பவருக்குக் காகிதம் சொல்ல வேண்டும். உங்கள் டிக்ரியில் அப்படி இருந்தால், திருமணச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள். இந்தப் பெயர்களில் உள்ளவர் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் அஃபிடவிட் போட்டுக் கையில் வைத்துக்கொண்டால் நல்லது. கேட்டால் கொடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றப் பெண்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வழக்கு இன்னும் நடக்கிறது என்றால், உங்கள் வக்கீலிடம் சொல்லி மனுவில் "எஸ். கவிதா (எ) கவிதா பிரபு" என்று இரண்டு பெயரையும் போடச் சொல்லுங்கள். அடைப்புக்குறிக்குள் வரும் அந்த ஒற்றை "எ" பின்னால் எத்தனையோ அலைச்சலை மிச்சப்படுத்தும். மனு போட்டாகிவிட்டது என்றாலும் திருத்தம் கேட்கலாம்.

டிக்ரியின் ஜெராக்ஸ் உதவாது. நீதிமன்ற முத்திரையோடு கூடிய சர்டிஃபைட் காப்பி வேண்டும். வக்கீலிடம் ஒரே ஒரு காப்பி இருந்தால், இன்னொன்றுக்கும் காப்பி அப்ளிகேஷன் போடச் சொல்லுங்கள். துபாய்க்கு ஒன்று கையில் இருக்கட்டும், மகள் விஷயத்தில் தேவைப்படும்.

முதலில் ஆதார். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒரு பெயரும் ஆதாரில் வேறு பெயரும் இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை மாற்றியிருந்தால் உங்களுக்கு மிச்சம் ஒன்றுதான். அதனால் எழுத்துக்கூட்டலை முடிவு செய்த பிறகே போங்கள். முகவரியில் கணவர் பெயர் இருந்தால் அதையும் அப்போதே எடுத்துவிடுங்கள், முகவரி அம்மா வீட்டுக்கு மாறியிருந்தால் அதுவும் சேர்ந்தே நடக்கும். பான் கார்டில் கல்யாணமான பெண்களுக்கும் அப்பா பெயர்தான் இருக்கும், உங்கள் பெயரை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் "ரீ-இஷ்யூ" (மறுவெளியீடு) விண்ணப்பம். பழைய புத்தகத்தில் அடித்துத் திருத்தித் தர மாட்டார்கள், புதிய எண்ணில் புதிய புத்தகம் வரும். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். காரணம் கேட்கும் இடத்தில், இருக்கும் விவரங்களில் மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுத்து, சர்நேம், துணையின் பெயர், முகவரி என்று உங்களுக்கு மாறுவது எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள். முகவரியை விட்டுவிட்டால் அதற்கென்று இன்னொரு முறை முழுக் கட்டணம் கட்ட வேண்டிவரும்.

விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகளில் பெண்கள் தவறு செய்கிறார்கள். உங்களுக்கு வேறு பெயர் இருந்ததா, பெயரை எப்போதாவது மாற்றியிருக்கிறீர்களா என்று கேட்கும். "பழசு எதுக்கு" என்று இரண்டுக்கும் இல்லை என்று போட்டுவிடாதீர்கள். ஆம் என்று போட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள கணவர் பெயரோடு கூடிய பெயரை அப்படியே எழுதுங்கள். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், தகவலை மறைத்து பாஸ்போர்ட் வாங்குவது குற்றம். மணநிலையில் "டைவர்ஸ்டு" என்று போடுங்கள், கூச்சப்பட்டு "சிங்கிள்" என்று போட வேண்டாம். பழைய பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருக்கிறது, அது அவர்கள் கணினியிலும் இருக்கிறது.

உங்களுக்குத் தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது, திருச்சி மண்டல அலுவலகத்தின் கீழ் வரும். டோக்கன் வாங்கியதும் ஏ கவுன்டரில் ஆவணங்களை ஸ்கேன் செய்து போட்டோ, கைரேகை எடுப்பார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஒப்பந்த நிறுவன ஊழியர்கள், முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அங்கே யாராவது "ஹஸ்பண்ட் சைன் இல்லையா?" என்று கேட்டால் பதற வேண்டாம், விவாதிக்கவும் வேண்டாம். டிக்ரியை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பி கவுன்டரில் அரசு அலுவலர் ஆவணங்களைச் சரிபார்ப்பார், சி கவுன்டரில் முடிவு. கடைசியில் தரும் சீட்டில் புதுப் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் அங்கேயே நின்று படியுங்கள். பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து உங்களிடமே கொடுத்துவிடுவார்கள், அதைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய பெயரும் புதுப் பெயரும் ஒருவரே என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பிறகு போலீஸ் விசாரணை. ஸ்டேஷனிலிருந்து வருபவர் "வீட்டுக்காரர் எங்க இருக்கார், ஏன் பிரிஞ்சீங்க" என்றெல்லாம் கேட்பதுண்டு. நீங்கள் கதை சொல்ல வேண்டியதில்லை. அவர் சரிபார்க்க வேண்டியது உங்கள் அடையாளம், முகவரி, உங்கள் மீது குற்ற வழக்கு இருக்கிறதா என்பது. டிக்ரி நகலைக் காட்டினால் போதும். விவாகரத்து, ஜீவனாம்ச வழக்குகள் பாஸ்போர்ட்டுக்குத் தடை ஆகாது. முன்னாள் கணவர் உங்கள் மீதே கிரிமினல் புகார் கொடுத்து அது நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் மட்டும் விஷயம் வேறு. அந்த நீதிமன்றத்தில் அனுமதி பெற்ற பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும்.

துபாய் நிறுவனத்துக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்: பாஸ்போர்ட் பெயரும் எண்ணும் மாறப்போகின்றன, விசா வேலையைப் புதுப் பாஸ்போர்ட் வந்ததும் தொடங்குங்கள் என்று. ஆஃபர் கடிதத்தையும் புதுப் பெயரில் திருப்பி வாங்குங்கள். டிக்கெட் எடுத்திருந்தால், பெயர் பொருந்தாத டிக்கெட்டில் ஏற்ற மாட்டார்கள்.

நீதிமன்றத்துக்குப் போகாமல் ஊர்ப் பெரியவர்கள் முன் பத்திரத்தில் எழுதித் தீர்த்துக்கொண்ட பெண்களிடமிருந்தும் இதே கேள்வி எனக்கு வருகிறது. அந்த முத்திரைத்தாளை வைத்துப் பெயர் மாற்ற முடியாது, டிக்ரி வேண்டும். முஸ்லிம் பெண்கள் குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) முறையில் பிரிந்திருந்தாலும், ஷரியத் கவுன்சில் கொடுக்கும் சான்று செல்லாது, குடும்பநல நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. கணவரை இழந்தவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் போதும். அவர்களும் விரும்பினால் மட்டும் மாற்றினால் போதும்.

மகள் விஷயம். அவளுடைய பெயரையோ, அதோடு இருக்கும் தந்தை பெயரையோ தொடாதீர்கள். உங்கள் திருமணம் முடிந்தாலும் அவர் அவளுக்கு அப்பாதான், பாஸ்போர்ட்டில் அது மாறாது. மாற வேண்டியது தாயின் பெயர் இருக்கும் இடம் மட்டும். உங்கள் புதுப் பாஸ்போர்ட் வந்த பிறகு அவளுக்கும் ரீ-இஷ்யூ போட்டு அதைத் திருத்துங்கள். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும் என்பதால், அவளுடையது முடியும் நேரமாக இருந்தால் ஒரே செலவில் இரண்டும் நடக்கும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட முடியாத நிலையில், ஒரு பெற்றோர் மட்டும் கொடுக்கும் உறுதிமொழிக்கு "அனெக்ஷர் சி" என்ற படிவம் இருக்கிறது. அதோடு கஸ்டடி, அதாவது குழந்தை யார் பொறுப்பில் இருக்கும் என்பது பற்றிய நீதிமன்ற உத்தரவை இணையுங்கள்.

இங்கேதான் உங்கள் டிக்ரியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். பரஸ்பர சம்மத வழக்குகளில் குழந்தை யாரிடம் இருக்கும் என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டு, வெளிநாட்டுக்கு அழைத்துப் போவது பற்றி எதுவும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அவளையும் துபாய்க்கு அழைத்துப் போவதானால், அங்கே உங்கள் பொறுப்பில் விசா எடுக்கும்போது கஸ்டடி உத்தரவையோ தந்தையின் சம்மதக் கடிதத்தையோ கேட்பார்கள். அவருக்கு வாரம் ஒருமுறை மகளைப் பார்க்கும் உரிமை டிக்ரியில் இருந்தால், நீதிமன்றத்தில் அனுமதி வாங்காமல் அவளை அழைத்துப் போவது பின்னால் உங்களுக்கே வினையாகும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. டிக்ரியில் அந்தப் பகுதியை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அனுமதி மனு தேவையா என்று பார்த்துச் சொல்கிறேன். தேவை என்றால், பாஸ்போர்ட் வேலை நடக்கும் அதே நேரத்தில் அதையும் போட்டுவிடலாம்.